மாலை கழுத்தில் விழுந்த பிறகு

புதிதாகச் சேர்ந்திருக்கும் தொண்டர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று உங்கள் கலைச்செல்வி மேடம் கேட்டபோது, எந்த நாலு என்று கேட்டேன்.

"பணிக்காலம் முடிஞ்ச பொறவு எப்படித் தொடர்புல இருக்கறதுன்னு எழுதுங்கக்கா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இன்னும் அடையாள அட்டைக்குப் புகைப்படம்கூடக் கொடுத்து முடிக்கவில்லை. இலை போடுவதற்கு முன்பே கை கழுவுவதைப் பற்றிப் பேசச் சொல்கிறாள். ஆனால் அவள் காரணமில்லாமல் எதையும் கேட்கிறவள் இல்லை. அந்தக் காரணத்தையே எழுதிவிடுகிறேன். அதில் அவளும் வருகிறாள். உங்கள் மேடத்தை ஒரு ஊரே 'பாப்பா' என்று கூப்பிட்ட கதை என்பதால் நீங்கள் தூங்காமல் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: காரைக்காலில் தேசியத் தொண்டர் பணிக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊருக்கு ஒருவர் என்று இளைஞர்களை அனுப்பிவைப்பதும், பணிக்காலம் முடிந்ததும் மாலை போட்டு வழியனுப்புவதும்தான் என் உத்தியோகம். முதல் வேலை சுலபம். இரண்டாவதுதான் பிராணனை வாங்கும். மாலை போட்டால் போய்விடுவார்கள் என்று நினைக்காதீர்கள்.

போகிறவர்களில் பல ரகம் உண்டு. மாலை வாடுவதற்குள் நம்மை மறந்துபோகிற ரகம் ஒன்று. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கல்யாணம், வேலை, பிள்ளை என்று ஆயிரம் இருக்கும். இன்னொரு ரகம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பும். ஊரில் வெள்ளம் வந்தாலும் ரோஜாப்பூ, வெயில் கொளுத்தினாலும் ரோஜாப்பூ. ரத்தம் வேண்டும் என்று யாராவது கேட்டால் கட்டைவிரல் மட்டும் தூக்கிக் காட்டும்.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து. மிக நல்ல பிள்ளைகள் எல்லாம் இந்த ரகத்தில்தான் சேருவார்கள். குரும்பகரத்தில் ஒருவனுக்கு வழியனுப்பு விழா நடந்தது. அவன் அழுதான், ஊர் அழுதது, கொஞ்சம் நானும் அழுதேன். அடுத்த திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் படிப்பகத்தில் அவனுடைய பழைய நாற்காலியில் அவனே உட்கார்ந்திருக்கிறான். புதிதாக வந்த தொண்டர் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்க்கா" என்றான். அவன் வீடு இருக்கும் திசைக்கும் குரும்பகரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

என் முதல் அதிகாரி ஒருவர் இருந்தார். வெற்றிலையை மெல்லுவது போலவே வார்த்தையையும் மென்றுதான் துப்புவார். "இந்த வேலைல ரெண்டு வியாதிம்மா. நம்மால ஒண்ணும் ஆவாதுன்னு நெனைக்கறது ஒண்ணு. நாம இல்லாம ஒண்ணும் ஆவாதுன்னு நெனைக்கறது இன்னொண்ணு. மொதல் வியாதி மூணு மாசத்துல போயிடும்" என்பார். இரண்டாவதுக்கு என்ன மருந்து என்று கேட்டால் கேட்காதது போல் எழுந்து போய்விடுவார். அவருக்கே அந்த வியாதி இருந்தது.

இப்போது ரியாஸ் கதைக்கு வருகிறேன்.

ரியாஸ் காரைக்கால் டவுன் பையன். கடற்கரைக் குப்பமான கிளிஞ்சல்மேட்டுக்கு அவனைத் தொண்டராக அனுப்பினேன். கடலில் கால் நனைத்ததைத் தவிர வேறு அனுபவம் இல்லாதவன். ஆனால் போன வேகத்தில் ஊரைக் கையில் எடுத்துக்கொண்டான். புயல் எச்சரிக்கை வந்தால் எந்தத் தெரு முதலில் கிளம்ப வேண்டும், நடக்க முடியாதவர்களை யார் தூக்குவது, எந்தப் பள்ளியில் தங்குவது என்று ஒத்திகை பார்த்து ஒத்திகை பார்த்து ஊரையே தயார் செய்தான். சுனாமி அலை வந்து போன ஊர் அது. பாதி வீடுகளில் சுவரில் ஒரு படம் தொங்கும், அதற்கு ஒரு சின்ன பல்பு எரியும். அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுகிறவரை பேசாமல் இருந்து, பிறகு ஒத்திகைக்குக் கூப்பிட்டவன் ரியாஸ். அதனால் ஊர் அவனை நம்பியது. மீன் விற்கும் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்த அஞ்சலையக்கா, வஞ்சிரத்தில் நல்ல துண்டாகப் பார்த்து அவனுக்கென்று எடுத்து வைப்பார். எனக்கு ஒருநாளும் வைத்ததில்லை.

பணிக்காலம் முடிந்தது. மாலை போட்டோம். ரியாஸ் சபர் போனான். வெளிநாட்டு வேலைக்குப் போவதை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. போனவன் தொடர்பில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிளிஞ்சல்மேட்டில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவனுக்குத் தெரிந்திருந்தது. ஊர்க் குழுவில் அவன் அனுப்பும் குரல் பதிவுகள் மீன் ஏலக் கூடத்தில் சத்தமாக ஒலிக்கும். வானிலைச் செயலிகள் இரண்டு மூன்று வைத்திருந்தான். "தெக்குலேர்ந்து காத்து வருது, நாளைக்குத் தொழிலுக்குப் போவாதீங்க" என்று அங்கிருந்து சொல்வான். இங்கே படகு நிற்கும்.

அவன் இடத்துக்கு நான் அனுப்பிய தொண்டர்தான் கலைச்செல்வி. அம்பகரத்தூர் விவசாய வீட்டுப் பெண். அந்த ஊரில் அவளுக்கு முதல் ஐந்தாறு மாதம் பெயரே கிடையாது. 'ரியாஸ் தம்பி எடத்துக்கு வந்த பாப்பா' என்பதுதான் பெயர். நேரமில்லாதபோது அது 'பாப்பா' என்று சுருங்கும். உள்ளூர் மாடு விலை போகாது என்பார்கள். இங்கே ரியாஸ் ஊரைவிட்டுப் போனதும் விலை ஏறிக்கொண்டே போனான், ஊரிலேயே நின்ற இவளை யாரும் சீந்தவில்லை. பழமொழியில் வருவது மாடு, அதற்கு நான் பொறுப்பில்லை. மேடம் மன்னிக்க வேண்டும்.

அவள் என்னிடம் வந்து அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியும். "அக்கா, அந்த ஊருக்கு ஏற்கெனவே தொண்டர் இருக்காங்க. ரெண்டாவது ஆள் எதுக்கு?" என்று மட்டும் கேட்டாள். வேலையை விட்டுவிடப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் ஒரு புயல் சின்னம் உருவானது. எங்கே கரையைக் கடக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடலோரத் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று உத்தரவு. கிளிஞ்சல்மேட்டுக்குப் பஸ் அனுப்பியாகிவிட்டது. மத்தியானம் கலை எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, பஸ்ஸு நிக்கிது. ஒருத்தரும் ஏறல."

"ஏன்?"

"ரியாஸ் அண்ணன் காலைல வாய்ஸ் அனுப்பியிருக்காங்க. புயல் வடக்கே போயிடும், பயப்படாதீங்கன்னு."

என் ஸ்கூட்டி அன்று போன வேகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. ஏலக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. கலை கையில் மைக் இருந்தது. அதைவிடச் சத்தமாக யாரோ ஒருவரின் போனில் ரியாஸ் பேசிக்கொண்டிருந்தான். அதே பதிவு, நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ.

அவர்கள் கடலை அலட்சியம் செய்கிறவர்கள் இல்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அதற்கு முந்தின இரண்டு தடவையும் உத்தரவு என்று கிளம்பிப் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்திருக்கிறார்கள். திரும்பியபோது அஞ்சலையக்காவின் கோழிகளைக் காணவில்லை. புயல் அடிக்காத ஊரில் கோழி எப்படிப் பறந்தது என்று அவர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா" என்றார் என்னைப் பார்த்து. "நீங்களே கேளுங்க. தம்பி தெளிவாச் சொல்லிட்டாரு. இந்தப் பாப்பா வயக்காட்டுப் பொண்ணு. அதுக்குக் கடலப் பத்தி என்னா தெரியும்? பாவம், பயப்படுது."

எல்லோரும் சிரித்தார்கள். கலையும் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மைக்கை என் பக்கம் நீட்டினாள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் அந்த மைக்கை வாங்கியிருக்கலாம். எனக்கு அந்த ஊரில் மரியாதை உண்டு, வஞ்சிரம் இல்லாவிட்டாலும். நான் அதட்டினால் பாதிப் பேராவது ஏறியிருப்பார்கள். ஆனால் ஏற்றிவிட்டு நான் அடுத்த ஊருக்குப் போய்விடுவேன். பள்ளிக்கூடத்தில் அவர்களோடு இருக்கப்போவது இவள். வழியில் யாராவது இறங்கி வீட்டுக்கு ஓடினால் பிடித்து நிறுத்தப்போவதும் இவள். பெரியவர் ஒருவர் வந்து மைக்கை வாங்கிக்கொண்ட பிறகு இவள் பேச்சுக்கு அங்கே என்ன மதிப்பு இருக்கும்? மறுபக்கம், வாங்காமல் நின்று, இவர்கள் கிளம்பாமல் போய், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? சுவரில் இன்னொரு படம், இன்னொரு சின்ன பல்பு. வானம் வேறு மூடிக்கொண்டு வந்தது.

மைக்கை வாங்கவில்லை. கூடத்துக்கு வெளியே போய் ரியாஸைக் கூப்பிட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்க்கா. வேலைல இருக்கேன், சொல்லுங்க."

"உன் வாய்ஸக் கேட்டுட்டு ஊரே உக்காந்திருக்குடா."

"நான் சொன்னது தப்பாக்கா? மேப்பப் பாருங்க. ரெண்டு ஆப்புலயும் வடக்கேதான் போவுது."

"மேப்பு இருக்கட்டும். தண்ணி உள்ள வந்தா அஞ்சலையக்காவத் தூக்கிட்டு ஓட நீ வருவியா?"

கிடங்கில் ஏதோ வண்டி பின்னால் போகும்போது எழுப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் பொண்ணு என்னாக்கா சொல்லுது?" என்றான் கடைசியில்.

"அத ஏன் எங்கிட்ட கேக்கறே? அவகிட்டயே கேளு."

"அவங்க நம்பர் எங்கிட்ட இல்லையேக்கா."

சொல்லிவிட்டு அவனே பேச்சை நிறுத்திவிட்டான். ஊரில் இருக்கும் அத்தனை பேர் நம்பரும் அவனிடம் உண்டு. படகு பழுது பார்க்கிறவர் நம்பர், ஐஸ் கொண்டுவருகிறவர் நம்பர், அஞ்சலையக்காவின் சம்பந்தி நம்பர்கூட உண்டு. அந்த ஊரின் தொண்டர் நம்பர் மட்டும் இல்லை. நான் திட்ட வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வீணாகப் போயின.

போனைக் கலையிடம் கொடுத்தேன். அவள் முதலில் மூன்று தடவை 'ஆமாங்கண்ணே' சொன்னாள். பிறகு குரல் மாறியது.

"அண்ணே, புயல் எங்க வேணாலும் போவட்டும். வடிகால் வாய்க்கால நான் காலைலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். கடலுக்குப் போவ வேண்டிய தண்ணி திரும்பி ஊருக்குள்ள வருது. எங்க வயக்காட்டுல தண்ணி இப்படித் திரும்புனா நாங்க மூட்டையத் தூக்கி மேட்டுல வெச்சிருவோம். இங்க மனுஷங்க உக்காந்திருக்காங்கண்ணே."

அவன் ஏதோ கேட்டான். அவள் "அப்பறம் சொல்றேண்ணே" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஏலக் கூடத்தில் எல்லாப் போனும் ஒரே சமயத்தில் சிணுங்கியது. ரியாஸின் குரல்.

"எல்லாருக்கும் வணக்கம். காலைல நான் அனுப்புனத அழிச்சிடுங்க. நான் இங்க ஜன்னலத் தொறந்தா மணல்தான் தெரியுது. எனக்குக் கடலும் தெரியாது, நம்ம வாய்க்காலும் தெரியாது. ஊர்ல நிக்கிறது கலை. அது போவச் சொன்னா போவணும். இனிமே எங்கிட்ட கேக்காதீங்க, கேட்டாலும் நான் அதத்தான் கேட்டுச் சொல்லுவேன். அஞ்சலையக்கா, ஒங்க கோழிக்கு நான் பொறுப்பு இல்ல. அதையும் அங்கயே கேட்டுக்குங்க."

அஞ்சலையக்கா எழுந்தார். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கலைக்கு எதிரில் போய் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்த ஊருக்கு அவள் அன்றைக்குத்தான் வந்து இறங்கியது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஏம்மா கலை" என்றார். "கோழிய பஸ்ஸுல ஏத்தலாமா?"

விதிப்படி ஏற்றக் கூடாது. கலை என் முகத்தைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

"கூடைல போட்டு மூடிக் கொண்டாங்க" என்றாள் அவள். "கத்துச்சுன்னா எறக்கிருவேன்."

பஸ் நிரம்பியது. கோழி வழி முழுக்கக் கத்தியது. யாரும் இறக்கவில்லை.

அன்று ரியாஸ் கலையிடம் கேட்ட கேள்வி என்ன என்று பிறகுதான் தெரிந்தது. "வாய்ஸ மாத்தி அனுப்பிடறேன். நான் வேற என்னா செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறான். குரல் பதிவு போனதும் அவளே திரும்பக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாள். ஊர்க்காரர்களின் பிள்ளைகளும் தம்பிகளும் வளைகுடாவில் நிறைய இருக்கிறார்கள். செய்தியைப் பார்த்துவிட்டு எல்லோரும் கலைக்கே போன் செய்துகொண்டிருந்தார்கள். எங்கம்மா ஏறிடுச்சா, எங்கப்பா சாப்ட்டாரா என்று. "அவங்க எல்லாரையும் நீங்க பாத்துக்குங்கண்ணே. என் போனு சும்மா இருந்தாத்தான் நான் வேல பாக்க முடியும்" என்றாளாம். அவன் வேலை முடிந்து அறைக்குப் போய், ஒவ்வொருவரையும் தானே கூப்பிட்டுப் பேசியிருக்கிறான். அதைப் பற்றிக் குழுவில் ஒரு வார்த்தைகூடப் போடவில்லை. ரியாஸ் அந்த ஊருக்குச் செய்த வேலைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

புயல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ரியாஸ் சொன்னபடி வடக்கேதான் போனது. அவனுடைய இரண்டு செயலிகளும் சரி. தண்ணீர்தான் செயலியைப் பார்க்காமல் வந்துவிட்டது. விடிந்து போய்ப் பார்த்தபோது முன் தெரு வீடுகளில் இடுப்பளவு நின்றது. அஞ்சலையக்கா வீட்டுக் கட்டில் வாசலுக்கு மிதந்து வந்திருந்தது. எப்போதும் அதில்தான் படுப்பார். அவர் அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு கலையின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வாரத்திலேயே அவளுக்கு வஞ்சிரம் போக ஆரம்பித்தது என்று கேள்விப்பட்டேன்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதை. நான் மட்டும் தப்பித்திருப்பேன்.

கலை பிறகு படித்துத் தேர்வு எழுதி, நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கே வந்தாள். எனக்கும் மாலை போட்டார்கள். நானும் அழுதேன். ஓய்வுக்குப் பிறகு எனக்கு முதல் மழைக்காலமான இதில், போன வாரம் ஒருநாள் காலை அஞ்சலையக்கா போன் செய்தார்.

"அக்கா, கெளம்பச் சொல்றாங்க. நீங்க சொல்லுங்க, கெளம்பணுமா?"

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. இத்தனை பேர் இருக்க என்னைக் கேட்கிறார்களே! வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன். என் அபிப்பிராயம் முழுசாக நாக்கின் நுனியில் வந்து நின்றது. ரியாஸை அதட்டின அதே வாய்தான்.

"கலையக் கேட்டீங்களா?"

"அதுதான் கெளம்பச் சொல்லுது."

"அப்பறம் எங்கிட்ட என்னா கேள்வி? கோழியத் தூக்கிட்டுக் கெளம்புங்க."

போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அலுவலகத்தில் இப்போது என்னென்ன நடக்கும், யார் யாரைக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொன்றாக மனதில் ஓடியது. ஒருத்தரும் என்னைக் கூப்பிடவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது. மத்தியானம் கலை கூப்பிட்டாள். நான் முதல் மணியிலேயே எடுத்தேன். ஆலோசனை கேட்கப்போகிறாள், தயாராக இருப்போம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அக்கா, அந்தப் பெரிய அண்டா ஒங்க வீட்டுலதானே இருக்கு?"

இருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சமையல் நடந்துகொண்டிருந்தது. கலை ஊர்க்காரர்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், தூரத்திலிருந்தே தலையை ஆட்டினாள். அடுப்படியில் பொறுப்பாக நின்றது கிளிஞ்சல்மேட்டின் இப்போதைய தொண்டர். வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களில் ஒருத்தி, பெயர் சொல்ல மாட்டேன். அவள் அண்டாவைத் தட்டிப் பார்த்தாள், திருப்தியாக இறக்கி வைக்கச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீங்க எந்தத் தெருக்கா? பேரு குடுத்தாச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. இந்த மாவட்டத்தில் என்னை யார் என்று கேட்கிற ஒரு தொண்டர்! தூரத்தில் கலை திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

"நான் வெங்காயம் நறுக்க வந்தேம்மா" என்றேன்.

அவள் அரிவாள்மணையை என் பக்கம் நகர்த்தினாள்.

"சின்னதா நறுக்குங்க."

சின்னதாகத்தான் நறுக்கினேன்.